சான் கிந்தின் கரையில் ஒரு வாரம்

ஜூன் 2, 2023, வெள்ளி. என்செனாடா

காலை ஆறரைக்கு அமெரிக்காவின் சான் டியேகோவை விட்டுக் கிளம்பினோம். மெக்சிகோவின் பாஹா கலிஃபோர்னியா தீபகற்பத்தில் இருக்கும் சான் கிந்தினுக்கு, மீன் பிடிக்க. மூன்று பேர், ஒரு வண்டி, கூரைமேல் கட்டிய ஆறு தூண்டில் கோல்கள். 1999-ல் வேலைக்கு வந்த புதிதில் ஒரே அறையில் பாய் விரித்துப் படுத்தவர்கள் நாங்கள். ஒருவன் தூத்துக்குடிக்காரன், இன்னொருவன் கோவைக்காரன். கோவைக்காரன் ஆகஸ்டில் குடும்பத்தோடு ஊருக்கே திரும்புகிறான். பத்து வருடமாகத் தள்ளிப்போட்ட பயணம் இது, இனி தள்ள முடியாது.

எல்லையில் அரைமணி நேரம்தான் ஆனது. தரைவழியாகப் போய் ஏழு நாளுக்குள் திரும்பிவிட்டால் மெக்சிகோவின் சுற்றுலா அனுமதிச் சீட்டுக்கு இந்த வருடம் (2023) கட்டணம் இல்லை. வியாழனன்று திரும்புவது என்று முடிவானதற்குக் காரணம் அதுதான். வண்டிக்கு மெக்சிகோ காப்பீடு தனியாக எடுத்தாயிற்று, அமெரிக்கக் காப்பீடு இங்கே செல்லாது. படகில் போய் மீன் பிடிப்பதற்குத்தான் உரிமம் தேவை. கரையில் நின்று தூண்டில் போடத் தேவையில்லை.

என்செனாடா மீன் சந்தைக்கு வெளியே நின்றபடி மீன் டாக்கோ சாப்பிட்டோம். மாவில் தோய்த்துப் பொரித்த மீன், சோள ரொட்டி, பொடியாக நறுக்கிய முட்டைக்கோஸ், மேலே எலுமிச்சை. ஆளுக்கு நான்கு.

ஜூன் 3, சனி. சான் கிந்தின்

என்செனாடாவிலிருந்து தெற்கே ஏறக்குறைய 190 கிலோமீட்டர். சாலை ஒடுங்கியது, ஓரத்தில் மண் விளிம்புகூடக் கிடையாது, எதிரே லாரி வந்தால் மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். சாந்தோ தொமாஸ் பள்ளத்தாக்கில் திராட்சைத் தோட்டங்கள், அப்புறம் மொட்டை மலைகள், ஒரு ராணுவச் சோதனைச் சாவடி. இளவயதுச் சிப்பாய் ஒருவர் தூண்டில் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "பெஸ்கா?" என்று கேட்டார். மீன் பிடிக்கவா என்று அர்த்தம். தலையாட்டினோம், விட்டுவிட்டார்.

ஊர் நெருங்க நெருங்க வெள்ளை வலைக் கூடாரங்கள். தக்காளியும் ஸ்ட்ராபெரியும். எங்கள் வீட்டுக் குளிர்பெட்டியில் இருக்கும் பழப்பெட்டியில் 'மெக்சிகோ' என்று அச்சிட்டிருப்பதைப் பல வருடமாகப் பார்த்திருக்கிறேன். அந்தப் பழம் வரும் மண்ணை இன்றுதான் பார்க்கிறேன். பறிப்பவர்களில் பெரும்பாலானவர்கள் ஒஹாகா போன்ற தெற்கு மாநிலங்களிலிருந்து வந்த பழங்குடி மக்கள். 2015 மார்ச்சில் கூலி உயர்வு கேட்டு ஆயிரக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்து இதே நெடுஞ்சாலையை மறித்தவர்கள். மாலையில் பழைய பள்ளிப் பேருந்துகளில் அவர்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். வெயிலுக்கும் தூசிக்கும் முகத்தைத் துணியால் மறைத்திருந்தார்கள். கண் மட்டும் தெரிந்தது.

இரவு, தங்கிய விடுதியில் உட்கார்ந்து தூண்டில் முடிச்சுகள் போட்டோம். பௌர்ணமி, ஆனால் மூடுபனியில் நிலா தெரியவில்லை.

ஜூன் 4, ஞாயிறு

ஐந்து மணிக்கே சாந்தா மரியா கரையில் நின்றோம். பௌர்ணமியை ஒட்டிய நாள், அதனால் விடியலில் கடல் நன்றாக வற்றியிருந்தது. நானும் கோவைக்காரனும் உடனே கோலை எடுத்தோம். தூத்துக்குடிக்காரன் தடுத்தான். "ஏலே, மொதல்ல தண்ணியப் பாரு."

அவன் அப்பா கட்டுமரத்தில் போனவர். பத்து வயதில் அவரோடு கரையில் நின்று தங்கூசியை, அதாவது நைலான் தூண்டில் இழையை, கையாலேயே வீசிப் பழகியவன். அதற்குப்பின் முப்பது வருடம் கணினி முன்னால் உட்கார்ந்திருந்தான். இன்று அவன் கரையில் நடந்ததைப் பார்த்தபோது அந்த முப்பது வருடமும் இருந்த இடம் தெரியவில்லை.

கரை தட்டையாகத்தான் எனக்குத் தெரிந்தது. அவன் ஒவ்வொன்றாகக் காட்டினான். அலை வெள்ளையாக உடையும் இடத்தில் அடியில் மணல் திட்டு இருக்கிறது. உடையாமல் கருத்துக் கிடக்கும் இடம் பள்ளம். கரையை ஒட்டி நீளமாக ஒரு வாய்க்கால் ஓடுகிறது, திட்டு அறுந்த இடத்தில் அந்த நீர் கடலுக்குத் திரும்புகிறது. அலை கிளறிவிடும் இரையெல்லாம் அந்த அறுப்பு வழியாகத்தான் போகும், மீன் அதன் ஓரத்தில் காத்திருக்கும். இப்போது வற்றியிருக்கும்போதே இடத்தை மனதில் குறித்துக்கொண்டால், நீர் ஏறி எல்லாம் மூடியபிறகும் எங்கே வீச வேண்டும் என்று தெரியும். நீரோட்டத்தை அவன் 'நீவாடு' என்றே சொன்னான். அந்தச் சொல்லைக் கேட்டு எத்தனை காலம்!

இரையைக் கடையில் வாங்கவே வேண்டாம். அலை பின்வாங்கும்போது ஈர மணலில் ஆங்கில 'வி' எழுத்துப் போலச் சின்னச் சின்னக் கோடுகள் தெரியும். அங்கே கையை விட்டு அள்ளினால் கட்டைவிரல் நுனி அளவில் சாம்பல் நிற மணல் நண்டுகள் கிடைக்கும். கவ்வும் கொடுக்கு கிடையாது, பின்பக்கமாகவே புதையும். இவற்றின் உறவுக்கார இனம் நம் கிழக்குக் கரையிலும் உண்டு, சின்ன வயதில் பிடித்து விளையாடியதாக அவன் சொன்னான். அப்போதுதான் ஓடு உரித்த மென்மையான நண்டு என்றால் மீன் யோசிக்காமல் எடுக்கும். சறுக்கும் ஈயக்குண்டு, அதற்குக் கீழே ஒரு பாசிமணி, சுழலி, ஒன்றரை அடித் தங்கூசி, சின்னத் தூண்டில் முள். அவ்வளவுதான் கட்டு.

ஏழரை மணிக்கு நீர் ஏறத் தொடங்கியதும் முதல் கொத்து எனக்கு. கோல் நுனி இரண்டு முறை வெடுக்கென்று ஆடியது. பார்ட் சர்ஃப்பெர்ச் என்கிற மீன். உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிது, வெள்ளி உடம்பு, பக்கவாட்டில் செம்புநிறப் பட்டைகள். வயிறு உப்பியிருந்தது. முள்ளை எடுக்கும்போது பின்பக்கத்திலிருந்து சிறு இலை போல ஏதோ வழுக்கி என் கையில் விழுந்தது. அப்புறம் இன்னொன்று. குட்டிகள்! இந்த மீன் முட்டையிடுவதில்லை, வயிற்றில் மாதக்கணக்கில் சுமந்து குட்டிகளாகவே ஈனும் என்று படித்திருக்கிறேன். துடுப்பு, கண், பட்டை எல்லாம் தாய்க்கு இருப்பது போலவே, ஒரு கட்டைவிரல் நீளத்தில்.

ஓடிப்போய் முழங்கால் நீரில் தாயையும் குட்டிகளையும் விட்டேன். அலை ஓய்ந்த நொடியில் அவை வேகமாக வாலை ஆட்டிக்கொண்டு கிளம்பின. அந்தச் சில விநாடிகளை நான் மறக்கப் போவதில்லை.

வயிறு உப்பிய மீனை விட்டுவிடுவது என்று அங்கேயே முடிவு செய்தோம். மதியத்துக்குள் மூவரும் சேர்ந்து பத்தொன்பது பிடித்தோம், ஆறு மட்டும் சமையலுக்கு. உப்பும் மிளகாய்த்தூளும் தடவி வாணலியில் வறுத்தது கோவைக்காரன்.

ஜூன் 5, திங்கள்

பகலில் காற்று. வடமேற்கிலிருந்து அடித்துக்கொண்டே இருந்தது. இங்கே கடல் ஜூனிலும் சில்லென்று இருப்பதற்கு இந்தக் காற்றுதான் காரணம். மேல்நீரைக் கரையிலிருந்து தள்ளிக்கொண்டு போகிறது, அந்த இடத்துக்கு அடியாழத்துக் குளிர்நீர் எழுந்து வருகிறது. மூடுபனியும் அதனால்தான், இவ்வளவு மீனும் அதனால்தான். எனக்கு மட்டும் ஒரு மீனும் படவில்லை.

இரவைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

கிரனியன் என்று ஒரு சாணுக்கும் குறைவான நீளத்தில் ஒரு வெள்ளி மீன். கலிஃபோர்னியாவிலிருந்து இந்தத் தீபகற்பத்தின் நடுப்பகுதி வரையுள்ள கரைகளில் மட்டும் உண்டு. பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் அடுத்த சில இரவுகளில், கடல் ஏற்றம் உச்சத்தைத் தொட்டுத் திரும்பும் நேரத்தில், மணலில் ஏறி முட்டையிடும். இருபத்து நான்கு வருடமாக சான் டியேகோ பக்கம் இருந்தும் நான் பார்த்ததில்லை. இரண்டு தடவை போய் ஏமாந்து திரும்பியிருக்கிறேன்.

பதினொரு மணிக்கு விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்தோம். நிலா அப்போதுதான் குன்றுக்கு மேல் வந்தது. முதலில் நான்கைந்து மீன் அலையோடு வந்து திரும்பிப் போயின. தூத்துக்குடிக்காரன் பேசாதே என்று கையைக் காட்டினான். கால்மணி நேரத்தில் கரை முழுக்க வெள்ளி. ஒவ்வோர் அலையும் நூற்றுக்கணக்கில் கொண்டுவந்து கொட்டியது. பெண்மீன் வாலை மணலில் துளைத்து, பாதி உடம்பு வரை புதைந்து, செங்குத்தாக நின்றது. ஆண்மீன்கள் அதைச் சுற்றி வளைந்து படுத்தன. அரைநிமிடம் இருக்கும். அடுத்த பெரிய அலையில் எல்லாம் போயின, வேறு மீன்கள் வந்தன.

அந்த முட்டைகள் ஈர மணலுக்குள் பத்து நாள் போலக் கிடக்கும். அமாவாசை ஏற்றம் வந்து மணலைக் கிளறும்போதுதான், அந்தக் குலுக்கலில் பொரியும். கலிஃபோர்னியாவில் ஏப்ரல் முதல் ஜூன் வரை இவற்றைப் பிடிக்கத் தடை, மற்ற மாதங்களிலும் கையால்தான் பிடிக்க வேண்டும். நாங்கள் தொடவில்லை. கோவைக்காரன் செருப்பைக் கழற்றிவிட்டு அசையாமல் நின்றான், பாதங்களைச் சுற்றி மீன்கள் துள்ளின. திரும்பி வரும் வழியில் யாரும் பேசவில்லை.

ஜூன் 6, செவ்வாய்

இன்று திருக்கை கொட்டியது. சாயங்காலம் விரிகுடா வாய்ப்பக்கம் அலையில்லாத ஆழம் குறைந்த நீரில் நடந்துகொண்டிருந்தேன். காலைத் தூக்கித் தூக்கி வைக்கக் கூடாது, மணலைத் தேய்த்தபடி நகர்த்த வேண்டும், அப்போதுதான் மணலுக்குள் கிடக்கும் திருக்கை அதிர்வு உணர்ந்து விலகும். இது தெரிந்தும் ஒரு மீன் மாட்டிய அவசரத்தில் மறந்துவிட்டேன். குதிகாலுக்கு மேலே கத்தி இறங்கிய மாதிரி இருந்தது. கரைக்கு வருவதற்குள் வலி முழங்கால்வரை ஏறியது.

இருவரும் என்னைத் தூக்கி வண்டியில் போட்டார்கள். விடுதிச் சமையலறை அம்மாவுக்கு எங்கள் மொழி தெரியாது. என் காலைப் பார்த்தவுடன் "மாந்தாராயா" என்றார், திருக்கையைச் சொல்லும் சொல். அடுத்த நிமிடம் வாளியில் வெந்நீர். தாங்கக்கூடிய உச்சச் சூட்டில் காலை வைக்க வேண்டும், அந்த விஷம் புரதம், சூட்டில் சிதைந்துவிடும். ஒன்றரை மணி நேரம் அவர் நீரை மாற்றிக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு முறையும் முதலில் தன் விரலை விட்டுச் சூடு பார்த்தார். வலி மெல்ல இறங்கியது. காசு கொடுத்தபோது வாங்க மறுத்துவிட்டார்.

ஜூன் 7, புதன்

மருத்துவரைப் பார்த்து, முள் துணுக்கு உள்ளே இல்லை என்று உறுதி செய்துகொண்டு, டெட்டனஸ் ஊசியும் போட்டாயிற்று. நண்பர்கள் மீன் பிடிக்கப் போயிருந்தார்கள். நான் விரிகுடா ஓரம் பழைய ஆலை இருந்த இடத்தில் உட்கார்ந்திருந்தேன். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஓர் ஆங்கிலேயக் குழுமம் கோதுமை விளைவிக்கலாம் என்று குடியேறி, மாவு ஆலையும் கப்பல் துறையும் கட்டியது. மழை பொய்த்தது. அவர்கள் விட்டுப்போன இயந்திரத் துண்டுகளும் சில கல்லறைகளும் மிச்சம். எதிரே எரிமலைக் கூம்புகள் வரிசையாக நிற்கின்றன, அவற்றுக்குக் கீழே சிப்பி வளர்க்கும் சட்டங்கள்.

இரவு கோவைக்காரன் ஊரில் இருக்கும் தன் அம்மாவைப் பற்றிப் பேசினான். அவருக்கு இப்போது ஞாபகம் தப்புகிறது, ஆனால் இவன் குரல் கேட்டால் சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்கிறாராம். அதனால்தான் போகிறேன் என்றான். எங்களிடம் இத்தனை நாள் வேலையைத்தான் காரணமாகச் சொல்லியிருந்தான்.

ஜூன் 8, வியாழன். வீடு

கிளம்புமுன் கடைசியாக இரண்டு மணி நேரம் கரையில். பனி விலகிச் சூரியன் வந்திருந்தது. நீர் ஏறத் தொடங்கிய நேரம், கோவைக்காரன் தூரத்திலிருந்து கையை ஆட்டினான். கார்பினா.

இது நம் கத்தாளை வகையைச் சேர்ந்தது, ஆனால் காற்றுப்பை இல்லாததால் கத்தாது. மணல் நண்டுக்காக முதுகு வெளியே தெரியும் அளவுக்கு ஆழமில்லாத நீரில்கூட ஏறி வரும். கண்ணெதிரே மேயும், முள்ளைத் தொடாது. கலிஃபோர்னியாவில் இதற்காகவே வருடக்கணக்கில் கரையில் நடக்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் நொண்டிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் அவை போய்விட்டன. அவன் மூன்று முறை நண்டை அவற்றின் முன்னால் போட்டிருக்கிறான். ஒன்று அருகில் வந்து, நின்று, பக்கத்திலிருந்த வேறு நண்டை மணலோடு வாரி, மணலைச் செவுள் வழியாகத் துப்பிவிட்டுப் போயிருக்கிறது.

எல்லை வரிசையில் இரண்டரை மணி நேரம். சுரோ என்கிற பொரித்த இனிப்பு விற்பவர்களும் பொம்மை விற்பவர்களும் வண்டிகளுக்கு நடுவே நடந்தார்கள். ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து, அந்த மீனின் முதுகு எப்படித் திரும்பியது என்று கோவைக்காரன் மறுபடியும் காட்டினான்.

"தண்ணி எவ்வளவு ஆழம்லே இருந்துச்சு?" என்று கேட்டான் தூத்துக்குடிக்காரன். ஐந்தாவது தடவையாக.

"கணுக்கால்கூட இல்லடா," என்றான்.