புள்ளலூர் 1780: மேஜையில் ஒரு போர்

ஜூன் 16, 2024

காஞ்சிபுரம் பக்கம் புள்ளலூரில் 1780இல் மைசூர் ஹைதர் அலி கிழக்கிந்தியக் கும்பினிப் படையை முறியடித்த போரை, மேஜையில் பொம்மைகளை நிறுத்திப் பகடை உருட்டி ஆடப் போகிறேன். ரெசின் பொம்மைகள் வந்துவிட்டன. 28 மி.மீ. அளவு. ஒரு பொம்மைக்கு 50 வீரர் என்று கணக்கு. கர்னல் பெய்லியிடம் இருந்தது சுமார் 3,800 பேர், ஆகவே கும்பினிப் பக்கம் 76 பொம்மைகள் போதும். ஹைதர் அலியின் படையை அதே கணக்கில் நிறுத்த மேஜை பற்றாது. களத்தில் நேரே மோதிய பகுதி மட்டும்தான் வரும்.

மைசூர் வீரர்களை வாங்குவதில் ஒரு சங்கடம். கிடைப்பவை பெரும்பாலும் 1799 சீரங்கப்பட்டண முற்றுகையை மனத்தில் வைத்து வடித்தவை. உடம்பெல்லாம் புலிவரி. அது திப்பு ஆட்சியின் அடையாளம். 1780இல் ஆள்வது ஹைதர், திப்பு முப்பதைத் தொடாத இளவரசர். வரி இல்லாத, தலைப்பாகை கட்டிய சாதாரண வீரர்களையே அதிகம் எடுத்தேன். பார்க்கிறவர்கள் "புலி எங்கே?" என்றுதான் கேட்பார்கள். கேட்கட்டும்.

ஜூலை 7

கும்பினிப் பக்கத்துச் சிப்பாய்களுக்கு வண்ணம். 'சதை நிறம்' என்று குப்பியில் விற்பது வெள்ளைக்காரன் கன்னத்து ரோஸ். மதராஸ் சிப்பாய்கள் தமிழரும் தெலுங்கருமாக இருந்தவர்கள், அது எப்படிப் பொருந்தும்? பர்ன்ட் அம்பர், பர்ன்ட் சியன்னா இரண்டையும் கலந்து துளி மஞ்சள் ஓக்கர் விட்டேன். முட்டியிலும் மூக்கு நுனியிலும் மட்டும் ஒரு பொட்டு வெளிர் நிறம். வெள்ளை அரைக்கால்சட்டைக்குக் கீழே வெறுங்கால் என்பதால் இவர்களுக்குக் கால்தான் முகம். சிவப்புச் சட்டையை யாரும் கவனிக்க மாட்டார்கள், கால் சரியில்லை என்றால் உடனே தெரிந்துவிடும்.

ஆளாளுக்குக் கலவையைக் கொஞ்சம் மாற்றினேன். வரிசையாக நிறுத்தியபோது ஏதோ ஊர்க் கூட்டம் போல இருந்தது. திருப்தி.

ஆகஸ்ட் 15

விடுமுறை. நாள் முழுக்க ராக்கெட்.

மைசூர் ராக்கெட் என்பது இரும்புக் குழாயில் மருந்தைக் கெட்டித்து, நீள மூங்கிலோடு வாரால் கட்டியது. இந்த அளவுக்கு மூங்கில் இரண்டு சென்டிமீட்டர்தான் வரும். கடையில் விற்கும் பித்தளைக் கம்பி மினுக்குகிறது. வீட்டுத் துடைப்பத்தில் ஈர்க்கின் நுனியை நறுக்கினேன். தடிமனும் நிறமும் அப்படியே மூங்கில். குழாய்க்குப் பழைய ஹெட்போன் ஒயருக்குள் ஓடும் மெல்லிய ஒயரின் உறை. கட்டுவதற்குத் தையல் நூல், மேலே ஒரு சொட்டு ஃபெவிக்விக். கருப்பு பூசி, காய்ந்ததும் வெள்ளியைத் தொட்டும் தொடாமலும் தேய்த்தால் இரும்பாகிவிடுகிறது.

வார்னிஷைத் தூரிகையால்தான் பூசினேன். இந்த ஈரக் காற்றில் ஸ்ப்ரே அடித்தால் பொம்மை சாம்பல் பூத்துவிடும்.

ஆகஸ்ட் 25

குண்டூரிலிருந்து வந்த பெய்லி கொசஸ்தலையாற்றை அடைந்தது இதே தேதியில்தான். அன்றே கடக்காமல் வடகரையில் தங்கினார். இரவு மழை, ஆற்றில் வெள்ளம், பல நாள் தாமதம். அதனால்தான் என் மேஜையில் ஆறு இல்லை. போர் நடந்த செப்டம்பர் 10இல் அது பின்னால் போன கதை.

மேஜையில் ஏரிக்கரை, கிராமம், பனைமரங்கள். காஞ்சிப் பக்கம் பனை இல்லாமல் ஊர் ஏது. (இதே புள்ளலூரில்தான் மகேந்திரவர்மன் எதிரிகளை வென்றதாகக் காசக்குடிச் செப்பேடு சொல்கிறது. அந்தப் பல்லவப் படைக்கும் ஒரு நாள் பொம்மை தேட வேண்டும்.)

முக்கியமான சாமான் பெய்லியின் வெடிமருந்து வண்டி. சீரங்கப்பட்டணத்தில் திப்புவின் தரியா தௌலத் மாளிகைச் சுவரோவியத்திலும் அது வெடிப்பதுதான் நடுநாயகம். இலவம் பஞ்சில் கருப்பும் ஆரஞ்சும் தடவி, உள்ளே ஒரு சின்ன எல்.இ.டி. வைத்தேன்.

செப்டம்பர் 8

சதுர்த்திக்கு மறுநாள், கொழுக்கட்டை மிச்சம் இருக்கும்போதே ஆட்டம். மச்சான் பெய்லி, நான் ஹைதரும் திப்புவும்.

இந்தப் போரில் மற்றவர்கள் செய்யும் விதிகள் எனக்கு ஒப்பவில்லை. சுற்றி வளைக்கப்பட்ட பெய்லிக்குப் பகடை நன்றாக விழுந்தால் தப்பலாம் என்கிறார்கள். அவர் தலைவிதி அந்த மைதானத்தில் எழுதப்படவில்லை. சுமார் 14 கி.மீ. தள்ளிக் காஞ்சிபுரத்தில் சர் ஹெக்டர் மன்றோ பெரிய படையோடு இருந்தார். 1764இல் பக்சாரை வென்ற அதே மன்றோ. சேர்த்து வைத்த தானியத்தையும் பெரிய பீரங்கிகளையும் விட்டுக் கிளம்ப மனமில்லாமல், கர்னல் பிளெட்சரோடு ஆயிரம் பேரை மட்டும் அனுப்பினார். கடைசியில் அந்தப் பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டுக்கு ஓடினார்.

அதனால் மன்றோவாக அக்கா மகனை அடுத்த அறையில் உட்கார வைத்தேன். மேஜையைப் பார்க்கக் கூடாது. இங்கே பீரங்கி சுட்டால் நான் தட்டில் தட்டுவேன், அது மட்டும் கேட்கும். சுற்றுக்கு ஒரு துண்டுச் சீட்டில் அவனுக்குச் சேதி போகும். தானியத்தைக் காத்தால் சுற்றுக்கு ஒரு புள்ளி.

மூன்றாம் சுற்றில் என் குதிரைப்படை பின்பக்கம் வந்தது. மச்சான் சதுர வியூகம் அமைத்தார், நன்றாகவே தாங்கினார். தட்டுச் சத்தம் ஓயவில்லை. உள்ளிருந்து, "மாமா, சுடுறது நீங்களா, அவரா?" என்று குரல். பதில் சொல்ல விதி இல்லை.

ஐந்தாம் சுற்றில்தான் அக்கா மகன் கிளம்பினான். அதே சுற்றில் வெடிமருந்து வண்டி போயிற்று, எல்.இ.டி. எரிந்தது. ஏழில் சதுரம் உடைந்தது. அவன் மேஜை ஓரம் வந்து சேர்ந்தபோது வரவேற்க யாரும் இல்லை.

"டேய், அரிசியா முக்கியம்?" என்றார் மச்சான்.

"சத்தம் கேட்டுச்சு. நீங்க ஜெயிக்கிறீங்கன்னு நினைச்சேன்."

மன்றோவுக்கு வழிகாட்டியவர்களே ஹைதரிடம் கூலி வாங்கியவர்கள் என்று ஆங்கிலேயர் எழுதி வைத்திருக்கிறார்கள். அடுத்த ஆட்டத்தில் துண்டுச் சீட்டுகளில் ஒன்று பொய்யாக இருக்கும். அதற்குள் அவன் இதைப் படிக்காமல் இருக்க வேண்டும்.