அந்த 24 பிரேம்

கோடம்பாக்கத்தில் ஒரு பிலிம் லேபில் எட்டு வருடம் பிரிண்ட் செக்கிங் பார்த்துவிட்டுத்தான் நியூயார்க்கில் ஒரு படக் காப்பகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். லேபில் கீறல், தூசி, கறை எல்லாமே குற்றம். கண்ணில் பட்டதும் சீட்டில் எழுத வேண்டும், துடைக்க முடிந்தால் துடைத்துவிட வேண்டும். கை அப்படியே பழகிவிட்டது.

சேர்ந்த இரண்டாவது வாரம், 1960களின் 16 எம்.எம். ரீல் ஒன்று மேஜைக்கு வந்தது. பிரேமுக்குப் பிரேம் பச்சைக் கோடுகள், நடுநடுவே நகத்தால் சுரண்டியது போல வெள்ளைப் பிசிறுகள். வழக்கம்போலத் துணியை நனைத்து ஓர் இழுப்பு இழுத்தேன். பச்சை முழுக்கத் துணிக்கு வந்துவிட்டது. பக்கத்து மேஜைப் பெரியவர் ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பச்சைதான் படமாம். யாரோ நாள்கணக்கில் உட்கார்ந்து பிலிம் மேலேயே மையால் வரைந்திருக்கிறார்கள். நான் அழித்தது ஒரு சாண் நீளம்கூட இருக்காது. எண்ணிப் பார்த்தேன்: 24 பிரேம். திரையில் ஒரு நொடி.

அவர் திட்டவில்லை. அன்று மாலை அமெரிக்கப் பரிசோதனைப் பட இயக்குநர் ஸ்டான் பிராகேஜின் 'மாத்லைட்' படத்தைப் போட்டுக் காட்டினார். 1963-ல் வந்தது, நாலு நிமிடம்கூட இல்லை. கேமராவே கிடையாது. விளக்கில் விழுந்து செத்த விட்டில்களின் சிறகு, பூவிதழ், புல் எல்லாவற்றையும் இரண்டு டேப்புகளுக்கு நடுவே ஒட்டி, அதிலிருந்து பிரிண்ட் எடுத்திருக்கிறார். புரொஜெக்டர் வெளிச்சத்தில் அந்தச் சிறகுகள் படபடத்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. லேபாக இருந்தால் நானே 'குப்பை' என்று எழுதித் திருப்பி அனுப்பியிருப்பேன்.

அப்புறம் ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டேன். இன்னொரு பரிசோதனைப் பட இயக்குநர் ஜாக் ஸ்மித் 'ஃபிளேமிங் கிரீச்சர்ஸ்' படத்தை எடுத்தது காலாவதியான பிலிமில். அதன் வெளிறல் பிராசசிங் கோளாறு என்றே நினைத்திருந்தேன். 1964-ல் அந்தப் படத்தை ஓட்டியதற்காகப் போலீஸ் பிரிண்டைப் பறிமுதல் செய்தது, திரையிட்ட இயக்குநர் ஜோனாஸ் மேகாஸைக் கைது செய்தது. அவரும் நண்பர்களும் 1962-ல் தொடங்கிய, படங்களை விநியோகிக்கும் கூட்டுறவு அமைப்பில் தேர்வுக்குழு என்று ஒன்றே கிடையாது. யார் படம் கொண்டுவந்தாலும் வாங்கி வைத்தார்கள். இது நல்லது, இது கெட்டது என்று சொல்ல அங்கே ஆள் இல்லை. நான் எட்டு வருடமாக அந்த வேலையைத்தான் செய்திருந்தேன்.

இப்போது எந்த ரீல் வந்தாலும் முதலில் துணியை எடுப்பதில்லை. விளக்கு மேஜையில் விரித்து வைத்து, படம் பதிந்த எமல்ஷன் பக்கம் எது, அதைத் தாங்கும் பிளாஸ்டிக்கான பேஸ் பக்கம் எது என்று பார்க்கிறேன். கீறல் நேர்கோடாக ஓடினால் அநேகமாக மெஷின் போட்டது. கோணல்மாணலாக, பிரேமுக்குப் பிரேம் மாறினால் ஆள் போட்டதாக இருக்கலாம், கேட்காமல் தொடமாட்டேன்.

அந்தப் பச்சை ரீலின் நிலை அறிக்கையில் இன்றும் என் கையெழுத்து இருக்கிறது: "தொடக்கத்தில் 24 பிரேம், வண்ணம் இல்லை. பரிசோதகர் துடைத்தது." கீழே என் பெயர், தேதி.