சினை நண்டின் முட்டைக்குள்ளே

ஏப்ரல் 11, வாழைச்சேனை

இன்றைக்கு வலையில் நீல நண்டுதான் அதிகம். சினையோடு வந்த ஒன்றைத் துறையில் அண்ணன் எனக்காக வாளியில் விட்டு வைத்திருந்தார். "பாருங்க புள்ள, முட்டை தவிட்டு நிறமாப் போச்சு. இனிக் கறுக்கும், அப்புறம் பொரிக்கும்." உள்ளே குஞ்சுக்குக் கண் வைப்பதால்தான் அந்தக் கறுப்பு. முட்டையில் ஒரு கிள்ளு எடுத்துக்கொண்டு நண்டைக் கடலில் விட்டோம்.

ஏப்ரல் 12

நுணுக்குக்காட்டியில் பார்த்தேன். ஒரு முட்டை மில்லிமீற்றரில் மூன்றிலொரு பங்குதான் வரும். இடையிடையே கரு இல்லாத வெறும் கோதுகள். அவற்றுக்குப் பக்கத்தில் ஓர் உருண்டை மெல்ல அசைந்தது. ஊசியால் புரட்டினால் அடியில் கட்டைக் கால்கள், வட்டமான உறிஞ்சுவாய். கோபிபோட்! மீன்குஞ்சுகளுக்கு இரையாகிக் கடலெங்கும் மிதக்கிறதே, அந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான். நண்டும் கோபிபோட்டும் கிரஸ்டேசியன்கள், அதாவது இறாலைப் போல ஓட்டுடம்பு உள்ளவை. சொந்தக் குலத்தின் முட்டையையே உறிஞ்சிப் பிழைக்கிறது இது. வெகுநேரம் கண்ணை எடுக்க முடியவில்லை.

ஏப்ரல் 16

வருசப் பிறப்பு என்று துறையில் ஆளில்லை. வாசிக்க நேரம் கிடைத்தது.

சென்னையில் விலங்கியல் பேராசிரியராக இருந்த ஞானமுத்து, நண்டில் வாழும் கோனியோஸ்பேரா இண்டிகா என்ற கோபிபோட்டை 1954இல் விவரித்திருக்கிறார். இளசுகள் செவுளில் ஒட்டியிருக்கும், முதிர்ந்தவை முட்டைகளுக்கு இடையில் வாழும். எனக்கு இது பெரிய விசயமாகப் படுகிறது. முட்டை நண்டின் வயிற்றில் இருப்பதே பத்து நாள் போலத்தான். பொரித்துவிட்டால் சாப்பாடும் போச்சு, இருப்பிடமும் போச்சு. செவுளில் இருந்தால் அடுத்த சினைக்குக் காத்திருக்கலாம். 1826இல் ஐரோப்பியச் சிங்கறாலில் கண்டு விவரித்த நிக்கோதோ என்ற கோபிபோட் செவுளிலேயே தங்கி இரத்தம் குடிப்பது. அதற்கு இந்த அவசரம் இல்லை.

ஏப்ரல் 20

கறிக்கு வாங்கிய நண்டின் ஓட்டைக் கழற்றி, செவுளை இதழ் இதழாக விரித்துப் பார்த்தேன். வெள்ளைக் காம்போடு ஒக்டோலாஸ்மிஸ் என்ற கொட்டலசுகள் மட்டும் இருந்தன. அவையும் கிரஸ்டேசியன்தான், ஆனால் நண்டைத் தின்பதில்லை. செவுளுக்குள் ஓடும் தண்ணீரில் வருவதை வடித்துத் தின்னும்.

சினை நண்டைச் சட்டியில் போடுவது எனக்கு முன்பே பிடிக்காது. இப்போது அதோடு இந்தக் கோபிபோட்டும் போகிறதே என்று தோன்றுகிறது. அண்ணனிடம் மதுசாரம் ஊற்றிய சின்னப் போத்தல்கள் கொடுத்தேன். "செம்மஞ்சள் முட்டையோட வந்தா தோணியிலயே கிள்ளிப் போட்டுட்டு நண்டை விட்டுடுறன்" என்றார்.