நினைத்தால் நகரும் அம்புக்குறி

தண்டுவடம் அறுந்தாலும் மூளை கட்டளையிடுவதை நிறுத்துவதில்லை. 2004-இல் அமெரிக்காவில் தண்டுவடம் அறுந்த மேத்யூ நேகிள் என்பவரின் மூளையில் பொருத்திய, 96 மின்முனைகள் கொண்ட சிறு தகடு, அவர் கையை அசைக்க நினைக்கையில் எழுந்த மின்துடிப்புகளைப் பதிவுசெய்ய, கணினி அவற்றைப் படித்துத் திரையில் அம்புக்குறியை நகர்த்தியது. அன்று தலையிலிருந்து கம்பி நீண்டது. 2024 ஜனவரியில் நியூராலிங்க் நிறுவனம் முதன்முதலில் மனிதருக்குப் பொருத்திய கருவியோ கம்பியில்லாதது, முடியைவிட மெல்லிய 64 இழைகளில் 1,024 மின்முனைகள் உடையது. சில வாரங்களிலேயே பல இழைகள் மூளையிலிருந்து பின்வாங்கிப் பதிவு குறைந்ததால், மென்பொருளைத் திருத்திச் சமாளித்தார்கள்.

காசிமேட்டில், விசைப்படகில் விழுந்து கழுத்துக்குக் கீழ் அசைவிழந்த எங்கள் எதிர்வீட்டு அண்ணன், கைப்பேசியில் படம் மாற்றவும் மகளைத்தான் கூப்பிடுவார். விவரம் சொன்னதும், "அதுக்கு சார்ஜ் யாருப்பா போடுவா?" என்றார். நியாயமான கேள்வி, அதன் மின்கலத்தைத் தலைமேல் சார்ஜர் வைத்துத்தான் நிரப்ப வேண்டும்.

துல்லியம் குறைவென்றாலும், மண்டையைத் திறக்காமல் கழுத்துச் சிரை வழியே செலுத்தும் சிங்க்ரான் நிறுவனத்தின் ஸ்டென்ட் (ரத்தக்குழாய்க்குள் விரியும் வலைக்குழாய்) வகைக் கருவியே எனக்கு நம்பிக்கை தருகிறது.