லண்டனில் தொப்பிச் சின்னம் தேடி

பழைய பிரிட்டிஷ் ராணுவத் தொப்பிச் சின்னங்கள் வாங்க லண்டன் போகிறவர்கள் வெள்ளிக்கிழமையைச் செல்சியிலுள்ள தேசிய ராணுவ அருங்காட்சியகத்துக்கு ஒதுக்குங்கள். ஸ்லோன் ஸ்கொயர் நிலையத்தில் இறங்கி நடந்தே போகலாம், நுழைவு இலவசம். கண்ணாடிக்குள் சின்னத்தின் முகம் மட்டுமே தெரியும். ஆனால் அச்சில் அடித்த உலோகத்தின் கூர்மை கண்ணில் பதிந்துவிட்டால், மறுநாள் சந்தையில் மழுங்கிய போலி தானாகவே உறுத்தும்.

போர்ட்டபெல்லோ சாலையில் பழம்பொருள் கடைகள் நிரம்புவது சனிக்கிழமைதான். நாட்டிங் ஹில் கேட் நிலையத்தில் இறங்கி, காலையிலேயே போய்விடுங்கள். பத்து மடங்கு லென்ஸும் சிறு காந்தமும் சட்டைப்பையில் இருக்கட்டும். இந்தச் சின்னங்கள் செய்த பித்தளையும், வெள்ளி நிறக் கலவையான வெள்ளை உலோகமும் காந்தத்தில் ஒட்டாது. ஒட்டினால் அங்கேயே வைத்துவிட்டு நகரலாம்.

முதலில் கிரீடத்தைப் பாருங்கள். 1901க்குப் பின் வந்தது வளைவுகள் குவிந்து உயர்ந்த டியூடர் கிரீடம். இரண்டாம் எலிசபெத் காலத்தில், 1950களில், நடுவில் பள்ளம் விழுந்த செயின்ட் எட்வர்ட் கிரீடம் வந்தது. 2022இல் மூன்றாம் சார்லஸ் டியூடர் கிரீடத்தையே மீண்டும் தேர்ந்தெடுத்தார். டியூடர் கிரீடத்தைச் சேகரிப்பாளர்கள் ராஜா கிரீடம் என்பார்கள். ஆகவே 'ராஜா கிரீடம், அதனால் பழையது' என்ற வாதம் இனி செல்லாது. கிரீடத்தோடு படைப்பிரிவின் ஆயுளையும் ஒட்டிப் பாருங்கள். இயந்திரத் துப்பாக்கிப் படை 1915இல் தொடங்கி 1922இல் கலைக்கப்பட்டது. அதன் சின்னத்தில் செயின்ட் எட்வர்ட் கிரீடம் இருக்கவே முடியாது.

அடுத்து முதுகு. என் கணக்கில் பாதி நேரத்தை இதற்கே செலவிட வேண்டும். தகட்டை அச்சில் அழுத்தி அடிப்பதால், முன்பக்கம் புடைத்திருக்கும் இடம் பின்னால் குழிந்திருக்கும். அசலிலிருந்தே வார்ப்பச்சு எடுத்து வார்த்த போலியில் முதுகு தட்டையாகவோ ஊசித்துளைகளோடோ இருக்கும். உருகிய உலோகம் ஆறும்போது சுருங்குவதால், அளவும் அசலைவிட ஒரு மயிரிழை குறையும். வெட்டித் திறந்த இடைவெளிகளின் விளிம்பையும் லென்ஸில் பாருங்கள்: வெட்டு சுத்தமாக இருக்கும், வார்ப்பில் பிசிறு தங்கும். தொப்பியில் செருகும் பட்டையில் பெயர்பெற்ற தயாரிப்பாளரின் முத்திரை இருக்கிறதே என்று மயங்கவேண்டாம்; அந்த முத்திரையையும் போலி செய்கிறார்கள். பட்டையைச் சுற்றிப் புதிய பற்றாசு (உலோகத்தை ஒட்டவைக்கும் ஈயக் கலவை) பளபளத்தால், அது பின்னால் ஒட்டியதாக இருக்கலாம்.

பித்தளையும் வெள்ளை உலோகமும் சேர்ந்த இரு உலோகச் சின்னம் முழுப் பித்தளையில் கிடைத்தால் உடனே ஒதுக்கிவிடாதீர்கள். 1916இல் சிக்கனத்துக்காக அப்படியும் அடித்தார்கள். இரண்டாம் உலகப்போரில் பிளாஸ்டிக்கிலும் செய்தார்கள். அவற்றின் பின்பக்கத் தகட்டுக் கால்களை வளைத்துப் பார்க்கவே கூடாது, அடியோடு பெயர்ந்துவிடும்.

வாங்கியதைப் பாலிஷ் போட்டுத் தேய்க்காதீர்கள். ஒவ்வொரு தேய்ப்பிலும் முகத்தின் நுணுக்கம் கரையும், போனது திரும்பாது. அமிலமில்லாத தாளில் தனித்தனியாகச் சுற்றுங்கள். பிவிசி உறை வேண்டாம்: அதிலிருந்து கசிவது செம்புக் கலவையைப் பச்சை பிடிக்கச் செய்யும்.