பூமி மறைக்கும் நேரம்

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு எங்கள் பாடசாலைக் கணினி அறையின் யன்னல்களைச் சாத்திவிட்டுத் திரையில் ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தைத் திறப்போம். ஹபிள் விண்வெளித் தொலைகாட்டி எடுத்தது. யாரும் இறக்கிக்கொள்ளலாம் என்று காப்பகத்தில் வைக்கப்பட்டிருப்பது. நிறம் தீட்டி நாட்காட்டியில் போடுகிற படங்களை நான் பிள்ளைகளுக்கு முதலில் காட்டுவதில்லை. கமரா கண்டதைக் கண்டபடி பதிந்துவைத்த கோப்புத்தான் எனக்கு வேண்டும். அது பார்ப்பதற்குப் புழுதி படிந்த சிலேற்றுப் போல இருக்கும்.

யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பிக்கத் தொடங்கி இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. இந்தச் சனிக்கிழமை வேலை பாடத்திட்டத்தில் இல்லை. பரீட்சையில் ஒரு புள்ளியும் தராது. பின்னேர ரியூசனுக்கு ஓடுவதற்கு முன் கிடைக்கும் இரண்டரை மணித்தியாலத்தில் எட்டோ பத்தோ பிள்ளைகள் வந்து உட்காருவார்கள். கிழமை நாட்களில் நான் செய்கிற வேலைக்கு உயிர் கொடுப்பது இந்த இரண்டரை மணித்தியாலந்தான்.

அப்படியொரு காலையில் ஒரு மாணவி கதிரையைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். "ரீச்சர், நான் ஒரு புதுநட்சத்திரம் கண்டுபிடித்துவிட்டேன்." ஒரே இடத்தை அடுத்தடுத்து எடுத்த இரண்டு படங்களில் ஒன்றில் மட்டும் பளிச்சென்று ஒரு புள்ளி. மற்றதில் அந்த இடம் வெறும் கறுப்பு. அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்கு உடனே உண்மையைச் சொல்ல மனம் வரவில்லை. "பெரிதாக்கிப் பாரும்," என்றேன். பக்கத்திலிருந்த உண்மையான நட்சத்திரத்தை முதலில் பெரிதாக்கினாள். அதன் ஒளி நடுவில் கனத்து, சுற்றியுள்ள பிக்சல்களில் மெதுவாகக் குறைந்து, நான்கு பக்கமும் மெல்லிய கதிர்களை நீட்டிக்கொண்டிருந்தது. இரண்டாம் ஆடியைத் தாங்கும் நான்கு கைகளால் வருகிற கதிர்கள் அவை. பிறகு தன்னுடைய புள்ளிக்குப் போனாள். சாய்வாக மூன்று பிக்சல்கள். ஓரம் கத்தியால் வெட்டியது போல. அதற்கடுத்த பிக்சலில் ஒன்றுமே இல்லை.

"இது ஆடி வழியாக வந்த ஒளி இல்லை, என்ன ரீச்சர்?" என்று அவளே கேட்டாள். ஆம். எங்கிருந்தோ வந்த அண்டக்கதிர்த் துணிக்கை ஒன்று தொலைகாட்டியின் உடலைத் துளைத்துக் கமராவின் ஒளியுணரியிலேயே அடித்திருக்கிறது. ஒவ்வொரு படத்திலும் இப்படி ஆயிரக்கணக்கான கீறல்கள். அதனால்தான் ஒரு நீண்ட படத்துக்குப் பதிலாக இரண்டு மூன்றாகப் பிரித்து எடுக்கிறார்கள். எல்லாவற்றிலும் இருப்பதை வைத்துக்கொண்டு, ஒன்றில் மட்டும் இருப்பதை நீக்குகிறார்கள். அவள் சிறிது நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு கொப்பியை எடுத்துப் படத்தின் ஒரு மூலையில் இருந்த கீறல்களை எண்ணத் தொடங்கினாள். வகுப்பு முடியும்வரை எண்ணினாள். இந்தப் பிள்ளை விஞ்ஞானத்துக்குள் வந்துவிட்டாள் என்று எனக்கு அப்போது தெரிந்தது.

தொலைகாட்டியின் ஒரு நாளைப் பற்றிப் பிள்ளைகள் மனதில் இருக்கும் படம் வேறு: யாரோ ஒருவர் கண்ணை வைத்துக்கொண்டு இரவு முழுவதும் வானத்தைத் துழாவுகிறார் என்று. உண்மையில் அந்தப் பொறியின் நாளில் பெரும்பகுதி ஆயத்தத்திலும் காத்திருப்பிலும் போகிறது. பூமியை ஒருமுறை சுற்ற அதற்கு ஏறக்குறைய 95 நிமிடம். அந்த 95 நிமிடத்தில் பாதியளவு நேரம், பார்க்கவேண்டிய இடத்துக்கும் அதற்கும் நடுவில் பூமி வந்து நின்றுகொள்ளும். சூரியனுக்கு அருகில் 50 பாகைக்குள் திரும்பக்கூடாது. திரும்பினால் கருவிகள் கெட்டுவிடும். ஆகவே புதன் கோளை அதனால் பார்க்கவே முடியாது. தென்னத்திலாந்திக்கின் மேலே கதிர்வீச்சு வளையம் தாழ்ந்திருக்கும் பகுதி ஒன்று உண்டு. ஒரு நாளில் வரும் 15 சுற்றுக்களில் பலவற்றில் அதைக் கடக்கவேண்டியிருக்கும். அந்த நிமிடங்களில் அவதானிப்பை நிறுத்திவைப்பார்கள். இவ்வளவும் போக எஞ்சுகிற இடைவெளிகளுக்குள்தான் வேலை.

ஓர் இலக்கிலிருந்து இன்னொன்றுக்குத் திரும்புவதும் ஆறுதலாகவே நடக்கும். வாயு உமிழும் உந்துகருவிகள் அதில் இல்லை. வாயு ஆடியில் படிந்துவிடும். உள்ளே கனமான சில்லுகள் சுழல்கின்றன. ஒரு சில்லின் வேகத்தை மாற்றினால் தொலைகாட்டி மறுபக்கம் மெல்லத் திரும்பும். வேகம் ஏறக்குறைய மணிக்கூட்டின் நிமிட முள்ளின் வேகம். 90 பாகை திரும்பக் கால் மணித்தியாலம். இதைச் சொல்லும்போது பிள்ளைகள் சுவர் மணிக்கூட்டைப் பார்ப்பார்கள். பார்க்கட்டும் என்று நானும் கொஞ்ச நேரம் பேசாமல் நிற்பேன்.

திரும்பி முடிந்தவுடனேயே படமெடுக்க முடியாது. முதலில் இரண்டு வழிகாட்டி நட்சத்திரங்களைத் தேடிப் பிடிக்கவேண்டும். யாரும் ஆராயாத, பெயர்கூட இல்லாத சாதாரண நட்சத்திரங்கள். பார்வைப் புலத்தின் ஓரத்தில் அவை தெரியும். அவற்றைப் பற்றிப் பிடித்து ஆடாமல் நிற்பதற்கென்றே தனியான உணரிகள் இருக்கின்றன. இந்த நட்சத்திரங்களுக்காகவே ஏவலுக்கு முன் ஏறக்குறைய 1 கோடியே 90 இலட்சம் வான்பொருட்களைக் கொண்ட ஒரு பட்டியலைத் தயாரித்தார்கள். தெரிவுசெய்த நட்சத்திரம் நெருக்கமான இரட்டை நட்சத்திரமாக அமைந்துவிட்டால் பிடி கிடைக்காமல் போகலாம். அந்தச் சுற்றின் வேலை அப்படியே வீணாகும். படம் வெளியாகும்போது விண்மீன்திரளின் பெயர் தலைப்பில் இருக்கும். பிடித்துக்கொண்டு நின்ற நட்சத்திரத்தை யாரும் சொல்வதில்லை. நான் வகுப்பில் அதைச் சொல்லாமல் விடுவதில்லை.

யார் எதைப் பார்ப்பது என்று தீர்மானிப்பது தனி வேலை. ஆண்டுதோறும் ஆயிரத்துக்கு மேற்பட்ட விண்ணப்பங்கள் வருகின்றன. மிகச் சிலவற்றுக்குத்தான் நேரம் கிடைக்கும். 2018 முதல் விண்ணப்பதாரரின் பெயர் மதிப்பிடுபவருக்குத் தெரியாதபடி மறைத்துவிடுகிறார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு இதை விளக்கவேண்டிய தேவையே இல்லை. உயர்தர விடைத்தாளில் சுட்டெண் மட்டும் எழுதுகிற பிள்ளைகள் அவர்கள். அப்படி மறைத்த முதல் சுற்றிலேயே பெண்கள் தலைமைதாங்கிய விண்ணப்பங்களின் வெற்றி வீதம் ஆண்களுடையதைச் சற்று முந்தியது. நான் இதைச் சொன்ன நாளில் பின்வரிசையிலிருந்த இரண்டு பெண்பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

2022இல் மின்வெட்டு நாளுக்கு 13 மணித்தியாலம்வரை போனது. எழுத்து வாரியாக வலயம் பிரித்து அட்டவணை வெளியாகும். எங்கள் எழுத்துக்கு எப்போது மின்சாரம் இருக்கும் என்று பார்த்து, அந்த நேரத்துக்குள் எந்தக் கோப்பை இறக்குவது, எதை அச்சிடுவது என்று முதல்நாள் இரவே எழுதிவைப்போம். மின்சாரம் இல்லாத நேரத்துக்கு, அச்சிட்ட படங்களில் அளவுகோல் வைத்து அளக்கிற வேலை. ஒரு மாணவன் அந்தக் காகிதத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "ரீச்சர், இது ஹபிளின் வாராந்த அட்டவணை போலவே இருக்கிறது. மறைக்கிற நேரத்தையும் சேர்த்தே எழுதியிருக்கிறோம்." அவன் சொன்னது எனக்குள் எதையோ தொட்டுவிட்டது. ஏனென்றால் இந்தத் தொலைகாட்டியை நான் முதலில் அறிந்ததும் அப்படியொரு காலத்தில்தான்.

ஹபிள் ஏவப்பட்டது 1990 ஏப்ரல் 24. அப்போது எனக்குப் பதினைந்து வயது. ஜூனில் போர் மறுபடி தொடங்கியது. யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றது. அதே ஜூனில்தான் தொலைகாட்டியின் 2.4 மீற்றர் ஆடி பிழையாகத் தீட்டப்பட்டிருப்பதும் தெரியவந்தது. ஓரத்தில் 2.2 மைக்ரோமீற்றர் கூடுதலாகத் தட்டையாக இருந்ததாம். ஒரு தலைமயிரின் தடிப்பில் ஐம்பதில் ஒரு பங்கு. நாங்கள் ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, அளந்து விட்ட மண்ணெண்ணெயில் விளக்கெரித்துப் படித்தோம். பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். இருந்த பழைய பற்றரிகளை அம்மா முற்றத்தில் சுளகில் பரப்பி வெயிலில் காயவைப்பார். காய்ந்த பற்றரியில் செய்தி முடியும்வரை வானொலி பாடும். எது எத்தனை நிமிடம் தாங்கும் என்று கையில் எடுத்துப் பார்த்தே அம்மா சொல்லிவிடுவார். பற்றரி முற்றாகச் செத்துவிட்டால் சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, அண்ணா மிதியைக் கையால் சுற்ற, டைனமோவில் கேட்போம். 1993 டிசெம்பரில் விண்வெளி வீரர்கள் போய் ஆடியின் பிழையைத் திருத்தும் கண்ணாடிகளைப் பூட்டிய செய்தி எங்களுக்கு அப்படித்தான் வந்தது. அண்ணா மூச்சு வாங்கியதில் பாதி வசனம் கேட்கவில்லை.

1995 ஒக்டோபர் 30 இரவு, யாழ்ப்பாண நகரம் இருக்கும் வலிகாமப் பகுதி முழுவதும் போருக்கு அஞ்சி எழுந்து நடந்தது. மழை. நாவற்குழிப் பாலத்தில் ஓர் அடி வைக்க எத்தனையோ நிமிடம் நின்றோம். தென்மராட்சியில் ஒரு தென்னந்தோப்பில் இடம் கிடைத்தது. டிசெம்பர் கடைசியில் விடியற்புறங்களில் எழுந்து தண்ணீருக்கு வரிசையில் நிற்கும்போது வடக்கே சப்தரிஷி மண்டலம் தெரியும். அம்மா அருந்ததியைக் காட்டுவார்.

பல ஆண்டுகளுக்குப் பிறகு, படிப்பிப்பதற்காகத் திகதிகளைத் தேடியபோதுதான் அறிந்தேன். 1995 டிசெம்பர் 18 தொடக்கம் 28 வரை, பத்து நாட்கள், ஹபிள் அதே சப்தரிஷி மண்டலத்தில் ஒன்றுமே இல்லையென்று தோன்றிய சிறு இடமொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தது. தொலைகாட்டியின் ஆய்வு வேலைகளை நடத்தும் நிறுவனத்தின் அப்போதைய பணிப்பாளர் ரொபேர்ட் வில்லியம்ஸ் தன் விருப்பப்படி பயன்படுத்தக்கூடிய நேரத்தை அதற்குக் கொடுத்தார். வேண்டாம், வீண் வேலை என்று சொன்னவர்களும் இருந்தார்கள். 342 படங்கள். அவற்றை ஒன்றுசேர்த்தபோது ஏறக்குறைய 3000 விண்மீன்திரள்கள். அந்த இடத்தை ஏன் தெரிந்தார்கள் என்பதை நான் ஒவ்வொரு ஆண்டும் கரும்பலகையில் வட்டம் வரைந்து விளக்குகிறேன்: தொலைகாட்டியின் பாதைக்கு அந்தத் திசை ஏறக்குறையச் செங்குத்தாக இருப்பதால் பூமி அதை மறைப்பதில்லை. பகற்பக்கப் பூமியின் வெளிச்சம் சிதறி வந்த நிமிடங்களைக்கூட வீணாக்கவில்லை. அந்த வெளிச்சம் அதிகம் பாதிக்காத புறஊதா வடிப்பானை அந்த நேரங்களுக்கு ஒதுக்கினார்கள். நான் தண்ணீர் வாளியோடு நிமிர்ந்து பார்த்த அதே திசை. இதை வகுப்பில் சொல்லத் தொடங்கி நான் முடித்ததில்லை.

2024 மேயில் தொலைகாட்டி தானாகவே பாதுகாப்பு நிலைக்குப் போனது. திரும்பும் வேகத்தை அளக்கும் ஜைரோ ஒன்று பிழையான அளவுகளைத் தந்தது. ஆறில் எஞ்சியிருந்த நல்லவை இரண்டு. ஒன்றை வைத்து ஓட்டி, மற்றதைக் கையிருப்பில் வைப்பது என்று முடிவெடுத்தார்கள். ஜூன் நடுப்பகுதியில் வேலை மறுபடி தொடங்கியது. இலக்கைப் பிடிக்கக் கூடுதல் நேரம் ஆகிறது. கிழமைக்கு 85 சுற்று வேலை 74 ஆகக் குறையும் என்றார்கள். செவ்வாயை விட நெருக்கமாக வரும் பொருட்களை இனித் தொடரமுடியாது. பிள்ளைகள் இதைத் துக்கச் செய்தியாகவே கேட்டார்கள். நான் 74 என்ற எண்ணைப் பலகையில் பெரிதாக எழுதினேன்.

எங்கள் ஊருக்கு மேலாலும் அது போகிறது. அதன் பாதை நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கேயும் தெற்கேயும் 28.5 பாகைவரை ஏறியிறங்கும். நாங்கள் 10 பாகைக்குக் கிட்ட. நாள் பார்த்து வைத்தால் பொழுதுபட்டபின் வெறும் கண்ணுக்கே தெரியும். போன மாசியில் ஒரு மாலை அம்மாவை முற்றத்துக்கு அழைத்துவந்தேன். வானத்தில் நகரும் வெளிச்சம் என்றால் அம்மாவுக்கு இப்போதும் பிடிக்காது. முந்திய காலத்தில் அது ஹெலியாக இருக்கும், இராணுவம் வானில் ஏவுகிற பரா வெளிச்சமாக இருக்கும், பங்கருக்குள் இறங்கவேண்டும். என் கையைப் பிடித்தபடி பார்த்தார். மேற்கே வேம்புக்கு மேலே எழுந்தது. சத்தமில்லை, மினுக்கமில்லை.

"சுற்றிவிட்டுத் திரும்பி வருமா, பிள்ளை?"

"95 நிமிடத்தில் சுற்றி வரும், அம்மா. ஆனால் அதற்குள் பூமி திரும்பிவிடும். எங்களுக்கு மேலால் வராது."

உச்சியைக் கடந்து கிழக்கே இறங்கும்போது, பனைகளைத் தொடுமுன்னே, மங்கி மறைந்தது.

"அணைந்துவிட்டதா?"

"இல்லை. நிழலுக்குள் போய்விட்டது. இனி வெயில் படாது. பகலில் ஏற்றிவைத்த பற்றரியில் ஓடும்."

"எவ்வளவு நேரத்துக்கு?"

"முப்பத்தைந்து நிமிடம்."

அம்மா அந்த இருட்டான இடத்தையே சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பற்றரி எத்தனை, எப்போது மாற்றினார்கள் என்று கேட்டார். ஆறு, முதலில் பூட்டியவை 19 ஆண்டுகள் ஓடின, 2009இல் ஆட்கள் மேலே போய் மாற்றினார்கள் என்றேன்.

"அப்படியென்றால் தாங்கும்," என்று சொல்லிவிட்டு, சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு விறாந்தையில் ஏறினார்.