கோட்டுக்குள் நிற்கும் நீலம்

அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் ஒரு பெண்கள் கல்லூரி 1895-ல் தொடங்கியது நியூகோம்ப் மட்பாண்டக்கூடம். சக்கரத்தில் வனைந்தவர் ஜோசப் மேயர். வரைந்தவர்கள் அங்கே படித்த பெண்கள். நம் வேளார் வீடுகளிலும் சக்கரம் ஆண்கள் கையில்தானே. ஒரே மாதிரி இரண்டு பானை செய்வதில்லை என்று வைத்திருந்தார்கள். வரைந்ததெல்லாம் சொந்த ஊர் மரமும் பூவும்: மக்னோலியா, ஐரிஸ், பாசி தொங்கும் ஓக்.

அந்தப் பானைகளின் நீலம் இன்றும் கலங்காமல் நிற்பதில் பாதிப் பங்கு கீறலுக்கு. ஈரமண்ணில் கீறிய கோடு சாயத்துக்கு வரப்பு மாதிரி.

வேலூரில் இதைச் செய்தால் முதல் எதிரி வெயில். நகத்தை அழுத்தினால் தடம் விழ வேண்டும், மண் விரலில் ஒட்டக்கூடாது. அதுதான் கீறும் பதம். சித்திரையில் அது சீக்கிரம் போய்விடும். ஈரத்துணியும் பிளாஸ்டிக் பையும் சுற்றி, வேலை செய்யும் பக்கத்தை மட்டும் திறந்து வையுங்கள்.

நம் ஏரிமண்ணில் இரும்பு அதிகம். நேராகப் பூசினால் நீலம் அழுக்காகத் தெரியும். அதனால் பானை பதத்தில் இருக்கும்போதே வெள்ளைக் களிமண் குழம்பை இரண்டு கை பூசுங்கள். காய்ந்த பானையில் பூசினால் குழம்பு செதில் செதிலாக உரியும், ஏனென்றால் பானை சுருங்கி முடித்திருக்கும், குழம்பு அப்போதுதான் சுருங்கத் தொடங்கும்.

கூரிய மூங்கில் குச்சியால் ஒரு மில்லிமீட்டர் ஆழத்துக்குக் கீறினால் போதும். ஓரத்தில் எழும் பிசிறை உடனே துடைக்காதீர்கள். ஈர ஸ்பாஞ்ச் அதையே கோட்டுக்குள் அடைத்துவிடும். முழுக்கக் காய்ந்ததும் மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள், மாஸ்க் போட்டுக்கொண்டு.

பானையைச் சூளையில் முதல் முறை சுட்ட பிறகு சாயம். நீலம் தரும் கோபால்ட் கார்பனேட் 1 பங்கு, கிளேஸ் (சுட்டால் கண்ணாடிபோல் உருகிப் படியும் மேற்பூச்சு) பொடி 1 பங்கு, வெள்ளைக் களிமண் 2 பங்கு, தண்ணீர்விட்டு மைபோல அரைத்துத் தடவி, மேற்பரப்பை ஈர ஸ்பாஞ்சால் ஒற்றி எடுங்கள். கோட்டில் கருநீலம் தங்கும், மற்ற இடத்தில் மெல்லிய நீலம். கோபால்ட் கொஞ்சம் போதும். திட்டாகத் தடித்தால் கருத்துவிடும், அங்கே கிளேஸும் ஒட்டாமல் விலகிச் சுருளும். சாயத்தின் மேல் பூசிச் சுடும் கிளேஸ் தடித்து இளகினால் நீலம் கீழே வழியும்.

சூளையிலிருந்து எடுத்த பின் கிளேஸில் வலைபோல விரிசல் விழுந்தால், மண்ணைவிடக் கிளேஸ் அதிகம் சுருங்குகிறது என்று பொருள்; கிளேஸில் சிலிக்கா (குவார்ட்ஸ் பொடி) கொஞ்சம் கூட்டிச் சோதனைத் துண்டில் சுட்டுப் பாருங்கள்.

மக்னோலியாவை நகலெடுக்க வேண்டாம். பாலாற்றங்கரைப் பனையும் ஆவாரம்பூவும் இந்தக் கோட்டுக்கு அளவெடுத்ததுபோல் அமையும்.

நியூகோம்ப் பானையைக் கவிழ்த்தால் மேயரின் முத்திரையோடு வரைந்த பெண்ணின் முத்திரையும் இருக்கும். அதனால்தான் ஸேடி இர்வின் போன்றவர்களின் கைவேலையை இன்றும் பிரித்துச் சொல்ல முடிகிறது. உங்கள் பெயரையும் அடியில் கீறுங்கள், மண் ஈரமாக இருக்கும்போதே; சுட்ட பிறகு பெயிண்டில் எழுதினால் தேய்ந்து போகும்.